மூன்றாவது டேங்கின் வாடை

ஏலகிரி அடிவாரம்
9 ஜூன் 2024

அன்புத் தங்கை காஞ்சனாவுக்கு,

அண்ணன் நந்தகுமார் எழுதுவது. உடம்பு தேறி வருகிறது. கை நடுக்கம் நின்ற பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் நீ பயந்துவிடுவாய். கொண்டாப்பூரில் நீ சுகமா? மெட்டுகுடா வீட்டுக்குப் போனாயா? அம்மாவும் உன் அண்ணி ராஜியும் எப்படி இருக்கிறார்கள்? அப்பாவின் கால் வீக்கம் இறங்கியதா?

குடியை விட வந்தவர்களுக்கு இங்கே இருக்கும்வரை போன் கிடையாது. மாதம் இரண்டு கடிதம் எழுதலாம். ஒன்று ராஜிக்கு, ஒன்று உனக்கு. அப்பாவுக்கு எழுத ஆசைதான், தைரியம் இல்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை ஒரு மெமோகூட வாங்காத மனிதர். அவர் மகனைக் கம்பெனி செக்யூரிட்டி கையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே விட்டான் என்றால் அவர் எப்படி என் முகத்தைப் பார்ப்பார்? மார்ச்சிலிருந்து பார்க்கவில்லை.

உனக்கும் நான் முகம் காட்ட முடியாதவன்தான். உங்கள் கம்பெனியில் நீ வாங்கிக் கொடுத்த டேங்க் ஆபரேட்டர் வேலை. சேரும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று. “அண்ணா, ஆபீஸ்ல நாம அண்ணன் தங்கச்சின்னு யாருக்கும் தெரிய வேணாம்” என்றாய். அதை மட்டும் காப்பாற்றினேன். வெளியே தள்ளிய அன்றுகூட உன்னை மேடம் என்றுதான் கூப்பிட்டேன்.

அமிலம் வரவேண்டிய மூன்றாவது டேங்கில் சாராய வாடை அடித்ததும், ஜெர்மனியிலிருந்து அதைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும், பிறகு உங்கள் மேனேஜர் ஸ்ரீனிவாஸ் சார் என் பக்கத்தில் வந்து முகர்ந்ததும் கண்ணை மூடினால் வருகிறது. என்னால் உன் வேலைக்கு ஏதும் ஆகவில்லையே? அதை மட்டும் எழுது.

உன் அண்ணன்,
நந்தகுமார்


கொண்டாப்பூர், ஹைதராபாத்
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

உன் எழுத்தைப் பார்த்ததும் நிம்மதி. அம்மா நன்றாக இருக்கிறாள். அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, வாக்கிங் போகிறார். அண்ணி தையல் கடையில் சேர்ந்திருக்கிறாள், அது உனக்குத் தெரிந்திருக்கும்.

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச்சில் நடந்ததை நீ நினைத்துக்கொண்டே இருக்காதே. நடந்தது நடந்துவிட்டது. உடம்பைப் பார். மெல்லிய போர்வை இரண்டும் பனியனும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மலை அடிவாரம் என்பதால் மழைக்காலத்தில் குளிரும்.

இங்கே இன்னும் வெயில்தான். ஆபீஸ் பஸ்ஸில் போய் வருவதிலேயே நாளில் பாதி போய்விடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

உன்,
காஞ்சனா


ஏலகிரி அடிவாரம்
2 ஜூலை 2024

அன்பு காஞ்சனாவுக்கு,

போர்வை வந்தது. என் பக்கத்துக் கட்டில்காரர் வாணியம்பாடி. தோல் மண்டியில் கணக்கராக இருந்தவர், வீட்டில் உருது பேசுகிறவர். நான் பேச்சுவாக்கில் வேண்டாம் என்பதற்கு “நக்கோ” என்றதும் துள்ளி எழுந்துவிட்டார். “ஹைதராபாதா நீங்க” என்று கேட்டு அன்றிலிருந்து தோஸ்த். போர்வையில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பசி எடுக்கிறது. எடையும் ஏறுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன்னை டீம் லீடர் ஆக்கிவிட்டார்களாமே. விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். ராஜி எழுதித்தான் தெரிந்தது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு. நான் கெடுத்தும் உன் உழைப்பு வீண் போகவில்லை பார்.

ஒன்று கேட்க வேண்டும். ஜெர்மனிக்காரர்கள் வந்த அந்த வாரம் திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்கு வருமுன் நான் குடித்திருந்தேன். அதை மறைக்கவில்லை. டேங்கை ஸ்டீம் விட்டுச் சுத்தம் செய்யாமல் தூங்கிவிட்டேன், வெளி ஈஸ்ட் புகுந்துவிட்டது என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் இப்போது தலை தெளியத் தெளிய, வால்வைத் திருகியது ஞாபகத்துக்கு வருகிறது. ஸ்டீம் சீறிய சத்தம், கையுறைக்குள் வந்த சூடு. அது அன்றைக்கா, அதற்கு முந்தைய வாரமா என்று மட்டும் தெரியவில்லை. யோசித்தால் மண்டை வலிக்கிறது.

உள்ளே வளர்ந்தது எந்த ஈஸ்ட் என்று நீங்கள் சோதித்துப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? நான் வால்வைத் திறந்தேனா இல்லையா? எதுவாக இருந்தாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. வாணியம்பாடிக்காரர் உன் ஈஸ்ட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார். எனக்கு வால்வு தெரியும், விஷயம் தெரியாது. கொஞ்சம் விளக்கி எழுது.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
அண்ணன்


கொண்டாப்பூர்
29 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நீ எடை ஏறியதாக எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார்.

உன் நண்பருக்குச் சொல். மாவில் ஊறிக் கிடந்தாலும் சாதாரண ஈஸ்ட் பட்டினிதான் கிடக்கும். மாவுச்சத்தை அப்படியே தின்ன அதற்குத் தெரியாது. யாராவது சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு பூஞ்சைக்கு அந்த வித்தை தெரியும். அதன் ஜீனை எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தோம். இப்போது சேலத்திலிருந்து வரும் மரவள்ளி மாவைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தால் போதும், தானே உடைத்துத் தின்றுகொள்ளும்.

தின்ற பிறகுதான் சிக்கல். சர்க்கரை கிடைத்தால் சாராயமாக்குவது ஈஸ்ட்டின் பிறவிக் குணம். அந்த வழியை அடைத்து, லாக்டிக் அமிலத்துக்குப் போகும் வேறொரு வழியைத் திறந்துவிட்டோம். அந்த அமிலத்தைக் கோத்துக் கோத்து மட்கிப்போகும் பிளாஸ்டிக் செய்யலாம். பெட்ரோலில் இருந்து எடுப்பதைக் கிழங்கிலிருந்து எடுப்பது. முதல் முறை குடுவையில் சாராய வாடையே இல்லாமல் அமிலம் மட்டும் வந்த அன்று நான் லேபிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் நீ ஊருக்கு வந்ததும் பேசிக்கொள்ளலாம். மழை ஆரம்பித்துவிட்டது. தலையை ஈரமாக வைத்துக்கொள்ளாதே.

உன்,
காஞ்சனா


ஏலகிரி அடிவாரம்
8 ஆகஸ்ட் 2024

அன்பு காஞ்சனாவுக்கு,

நான் நலம். சளி பிடித்து விட்டுவிட்டது. நீ எழுதியதை வாணியம்பாடிக்காரரிடம் படித்துக் காட்டினேன். “உங்க தங்கச்சி ஈஸ்ட்டையே குடியை மறக்க வெச்சிருக்கு, நம்மள மறக்க வெக்க இத்தன பேரு வேணுமா இருக்கு” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் கேட்டதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. என் மனம் நோகக் கூடாது என்று விட்டிருக்கிறாய். அப்படியென்றால் வால்வைத் திறக்கவில்லை என்றுதான் அர்த்தம். பரவாயில்லை. தெரிந்துகொண்டது நல்லது.

இங்கே ஸ்டெல்லா சிஸ்டர் என்று ஒருவர் எங்களோடு உட்கார்ந்து பேசுகிறார். கும்மிடிப்பூண்டிக்காரர், கண்டிப்பானவர். குடியால் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நாமே கேட்டு மன்னிப்புப் பெற வேண்டும் என்கிறார். ராஜிக்கு எழுதிவிட்டேன். அடுத்து ஸ்ரீனிவாஸ் சாருக்கு எழுதப் போகிறேன். அவருக்கும் உன் கூட வேலை செய்பவர்களுக்கும். நீ என்ன நினைக்கிறாய்?

அண்ணன்


கொண்டாப்பூர்
16 ஆகஸ்ட் 2024

அண்ணா,

உடம்புக்கு இப்போது எப்படி இருக்கிறது?

ஸ்ரீனிவாஸ் சாருக்கு எழுத வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கம்பெனியில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அவர் அதையெல்லாம் மறந்திருப்பார். ஸ்டெல்லா சிஸ்டரிடம் தங்கை வேண்டாம் என்றாள் என்று சொல். மற்றவை பிறகு.

காஞ்சனா


ஏலகிரி அடிவாரம்
1 செப்டம்பர் 2024

அன்பு காஞ்சனாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தபோது நான் சாருக்கு அனுப்பியது ஹைதராபாத் போய்ச் சேர்ந்திருக்கும். நீ ஏன் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். கவலைப்படாதே. அதில் நீ என் தங்கை என்று ஒரு வார்த்தை இல்லை. காஞ்சனா மேடம் என்றுதான் எழுதியிருக்கிறேன். குடிகாரனின் தங்கை என்ற பெயர் உனக்கு என்னால் வராது.

தெலுங்கு பேசத்தான் வருகிறது, எழுத வராது. இங்கிலீஷில் எழுதினால் வேறு யாரோ எழுதியது போல இருக்கும். அதனால் தமிழிலேயே எழுதினேன். சார் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்வார்.

அண்ணன்


ஏலகிரி அடிவாரம்
6 அக்டோபர் 2024

அன்பு காஞ்சனாவுக்கு,

போன மாதம் முழுக்க உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ராஜியும் நீ வீட்டுப் பக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

எனக்கு ஒரு நல்ல சேதி. ஸ்ரீனிவாஸ் சார் பதில் போட்டிருக்கிறார். கம்பெனி பேப்பரில், இங்கிலீஷில், கையெழுத்துப் போட்டு. ஸ்டெல்லா சிஸ்டர் படித்து அர்த்தம் சொன்னார். உங்கள் நேர்மை எங்கள் எல்லோரையும் தொட்டது, யாருக்கும் உங்கள் மேல் வருத்தம் இல்லை, உங்களை மன்னித்துவிட்டோம், நீங்கள் தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதர். எப்பேர்ப்பட்ட வார்த்தைகள். எல்லோர் முன்னாலும் என்னை அதைப் படிக்கச் சொன்னார்கள். கை தட்டினார்கள். வந்த நாளிலிருந்து நான் நன்றாகத் தூங்கியது அன்றுதான்.

அந்தத் தைரியத்தில் அப்பாவுக்கும் எழுதிவிட்டேன். குடித்துவிட்டு ஸ்டீம் விடாமல் டேங்கைக் கெடுத்தது நான்தான், உங்கள் பெயரைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள் என்று. இனி எனக்குப் பாரம் இல்லை.

நீ ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


கொண்டாப்பூர்
15 அக்டோபர் 2024

அண்ணா,

உடம்பைப் பற்றி விசாரித்திருந்தாய். எனக்கு ஒன்றும் இல்லை.

நீ வால்வைத் திறந்தாய். டேங்குக்கு ஸ்டீம் விட்டாய். அது சுத்தமாகத்தான் இருந்தது. இதை நான் உனக்கு ஜூலையில் எழுதியிருக்க வேண்டும். மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சாராயத்துக்குப் போகும் வழியை அடைத்தோம் என்று எழுதினேன். பாதிதான் உண்மை. அந்த வழியைத் திறக்க ஈஸ்ட்டிடம் முக்கியமாக இரண்டு ஜீன்கள் உண்டு. ஒன்றை வெட்டினேன். இரண்டையும் வெட்டினால் அது நொண்டியடிக்கும், சரியாக வளராது. ஜெர்மனிக்காரர்கள் வருவதற்குள் வேகமாக வளரும் ஈஸ்ட் வேண்டியிருந்தது. அதனால் இரண்டாவதை விட்டுவைத்தேன். முதலாவது இல்லாதபோது இரண்டாவது முழித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஜனவரியில் சின்னக் குடுவைகளில் லேசாக வாடை வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மறுபடி மூடிவிட்டேன். பெரிய டேங்கில் அடங்கியிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று டேங்கின் பக்கத்தில் நின்று ஸ்ரீனிவாஸ் சார் கேட்டார், “ஏதாவது உள்ளே புகுந்துவிட்டதா?” என்று. நான் பதில் சொல்வதற்குள் உன் பக்கம் திரும்பினார். உன்னிடம் வாடை வந்தது. “இதுதானா விஷயம்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லை அண்ணா, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பல நாள் இப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் சோதித்துப் பார்த்தேன். எங்கள் ஈஸ்ட்டில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறோம். ஒரு மருந்து கலந்த தட்டில் அது மட்டும்தான் வளரும், வெளி ஈஸ்ட் செத்துவிடும். டேங்கிலிருந்து எடுத்ததை மருந்து உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் தடவினேன். இரண்டிலும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தது. முழுக்க என்னுடைய ஈஸ்ட். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. தட்டுகளைக் குப்பையில் போட்டேன். அதற்குள் உன்னை அனுப்பிவிட்டிருந்தார்கள். மே மாதம் என்னை டீம் லீடர் ஆக்கினார்கள்.

இன்னும் இருக்கிறது. உன் கடிதம் ஆபீசுக்கு வந்தபோது மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீனிவாஸ் சார் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். “இதி மீ பாஷே கதா, சதவண்டி” என்றார். என் பாஷைதானே, படித்துச் சொல் என்று. படித்தேன். எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். ‘காஞ்சனா மேடத்தின் இத்தனை வருட உழைப்பைக் கெடுத்த பாவி நான்’ என்று எழுதியிருந்தாய். அதையும் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது. என் பக்கத்தில் இருந்த என் டீம் பெண் சௌம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஃபைலில் வையுங்கள், ஜெர்மனிக்கும் ஒரு காப்பி போகட்டும்” என்றார் சார்.

பிறகு, “பாவம், ஒரு நல்ல பதில் எழுதிவிடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்று என்னிடமே சொன்னார்.

நீ எல்லோர் முன்னாலும் படித்த அந்தக் கடிதத்தை எழுதியது நான். உன்னை மன்னித்துவிட்டோம் என்று எழுதியவள் நான்.

நேற்று ஸ்ரீனிவாஸ் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜனவரிக் குடுவைகள், தட்டுகள், எல்லாம். கடைசியில் நந்தகுமார் என் கூடப் பிறந்த அண்ணன் என்றேன். “அண்ணனா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வார்த்தையை ஏற்கெனவே ஒரு முறை உனக்கு எழுதி அசிங்கப்படுத்திவிட்டேன்.

காஞ்சனா


கொண்டாப்பூர்
10 நவம்பர் 2024

அண்ணா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று ஸ்டெல்லா சிஸ்டர் அண்ணிக்கு எழுதியிருக்கிறார். அது போதும். நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று இதை எழுதவில்லை.

தீபாவளிக்கு மெட்டுகுடா போனேன். அப்பாவிடம் சொன்னேன். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் அதை எடுத்து இன்னொரு முறை படித்தார். “அவன் கையெழுத்து நல்லாதான் இருக்குது” என்றார். பிறகு எழுந்து போய் வாசல் குழாயில் முகம் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அண்ணி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அம்மாதான் பஸ் ஸ்டாப் வரை வந்தாள். “ஏன்டி இப்படிப் பண்ண” என்று கேட்டாள். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

நேற்று அம்மா போன் செய்தாள். அப்பா யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டாராம். நீ இருக்கும் பக்கத்து ஜோலார்பேட்டைக்கு டிக்கெட் எடுத்ததை மட்டும் அண்ணி பார்த்திருக்கிறாள்.

என் வேலையைச் சௌம்யாவிடம் கொடுத்துவிட்டார்கள். விசாரணை முடிந்ததும் நான் போக வேண்டியிருக்கும். உன் பெயரை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டதாக ஸ்ரீனிவாஸ் சார் எழுதி அனுப்பியிருக்கிறார். இந்த முறை அவரே எழுதியது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

காஞ்சனா


ஏலகிரி அடிவாரம்
1 டிசம்பர் 2024

காஞ்சனாவுக்கு,

நான் நலம். போன மாதம் உனக்கு எழுத உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் வசவுதான். கிழித்துப் போட்டேன். ஸ்டெல்லா சிஸ்டரிடம் கத்தினேன். யாராவது குடிக்கக் கொடுத்திருந்தால் வாங்கிக் குடித்திருப்பேன், அப்படி ஒரு கோபம். வாணியம்பாடிக்காரர் இரண்டு நாள் என்னை விட்டு நகரவில்லை.

அப்பா வந்தார். மழையில் நனைந்து, செருப்பில் செம்மண் அப்பி, ஆபீஸ் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு முன்னால் அப்பா எழுந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

“கம்பெனி சொன்னத நம்பினேன்டா. உன்ன ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருக்கணும்” என்றார்.

“கேட்டிருந்தா நானும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்பா” என்றேன்.

அது அவரை இன்னும் வருத்திவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அன்று முழுக்க அவர் அவமானத்தில் இருந்தார், அவரை அப்படி உட்கார வைத்த அவமானத்தில் நான் இருந்தேன். சாப்பிடும்போது என் தட்டில் தன் முட்டையை எடுத்து வைத்தார். அவ்வளவுதான் பேச்சு.

உன் ஈஸ்ட் தப்பாகப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. வேலை போனதில்கூட இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனை எந்தக் கம்பெனியும் அனுப்பத்தான் செய்யும். அந்தத் தப்பு என்னுடையது, அதை உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே. ஆனால் நான் உன்னைக் கேட்டேன் காஞ்சனா. வால்வைத் திறந்தேனா என்று எழுதிக் கேட்டேன். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். நீ எனக்கு ஈஸ்ட் பாடம் எழுதினாய். இத்தனை மாதம் என் கையையே நம்பாமல் இருந்தேன்.

பதினைந்தாம் தேதி விடுகிறார்கள். ராஜி வந்து கூட்டிப் போகிறாள். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மெட்டுகுடாவுக்கு வா. அம்மா கறிக்குழம்பு வைப்பாள். அப்பா, நான், நீ மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார வேண்டியிருக்கும். யார் யார் முகத்தைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ராஜி பரிமாறுவாள், பேசமாட்டாள். நானும் பேசுவேனா என்று சொல்ல முடியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ எதையும் விளக்காதே. வந்து சாப்பிடு.

வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்,
நந்தகுமார்